ஆகல என்று பெயர் வைத்த நகல்கள்

காப்பியடிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரன் எட்டிப் பார்த்தால் இடது கையை அணைகட்டி மறைத்துக்கொண்டு எழுதுகிற ஆள் நான். அதனால் பள்ளிக்கூட நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ள அதிகம் பேர் இல்லை. பிறகு சாஃப்ட்வேர் தொழிலுக்கு வந்தேன். கோயமுத்தூரைச் சுற்றியிருக்கிற தொழிற்சாலைகளுக்குப் போய், நோட்டுப் போட்டு நடத்திக்கொண்டிருந்த வேலைகளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்து கொடுப்பதுதான் பிழைப்பு. அப்போதும் இந்தக் குணம் போகவில்லை. எதையும் வெற்றுத் திரையிலிருந்துதான் ஆரம்பிப்பேன் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சின்னவேடம்பட்டிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனி. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குகிற மோட்டார் பம்புகள் செய்கிறவர்கள். ஏழு வருடம் முன்பு ஆள் எடுப்பது, வருகைப் பதிவு, ஸ்டோர் ஆகிய மூன்றையும் நான்தான் அவர்களுக்கு சாஃப்ட்வேரில் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் உற்பத்தியையும் அவர்களே அதற்குள் கொண்டுவந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போன வருடம் ஒரு நாள் அங்கிருந்து கூப்பிட்டார்கள். மேனேஜர் டீ சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"பிளானிங்ல ஒரு அம்மணி உக்காந்திருக்குதுங்க சார். பன்னெண்டு வருசம் வைண்டிங்ல, மோட்டாருக்குக் கம்பி சுத்தற எடத்துல இருந்துதுங்க. மூணு வருசம் முன்னால அங்க இருந்த பையன் நின்னுட்டான். அவசரத்துக்கு இந்தப் புள்ளையக் கொண்டாந்து உக்கார வெச்சோம். அப்படியே ஓடிப்போச்சுங்க. படிப்பு பத்தாவதுதானுங்க. இப்ப அந்தச் சீட்டுக்கு நெரந்தரமா ஆள் போடோணும்கறாரு மொதலாளி. இந்தப் புள்ளையவே போட்டுக்கலாமா, டிப்ளமோ படிச்ச ஆளாப் பாக்கறதா? ஒரு மாசம் கூட இருந்து பாத்துப்போட்டு ஒரு ரிப்போர்ட் குடுத்தீங்கன்னாப் போதுமுங்க."

"வேற ஆள் போட்டா இவங்க?"

"வைண்டிங்குக்கே திரும்பிப் போவோணுமுங்க." சற்று நிறுத்திவிட்டு, "போனாலும் முடியாதுங்க. வலது பெருவிரலு மடங்காது. கம்பி இழுத்து இழுத்துப் போச்சு. ஊட்டுக்குத்தான் போவோணும்," என்றார்.

ஆக, ஒரு மனுஷியின் நாற்காலி என் ரிப்போர்ட்டில் நின்றது. அந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அங்கே எல்லாரும் அவரைப் பிளானிங் அக்கா என்பார்கள். என்னைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் மூன்றாம் நாளே என் வாயிலும் அக்காதான் வந்தது. உக்கடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். மவுஸை இடது கையால் பிடிப்பார். வலது பெருவிரல் நீட்டியபடி விறைத்து நிற்கும்.

அவருடைய வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பம்ப் மாடலுக்கும் ஒரு வேலை வரிசை உண்டு. வார்ப்பு வந்து இறங்குவதில் தொடங்கி, பெட்டியில் போட்டு லாரி ஏற்றுகிற வரைக்கும் எந்தப் படிக்கு அடுத்து எந்தப் படி, அது யார் கையில், எவ்வளவு நேரம், எதைச் சரிபார்க்க வேண்டும் என்று இருக்கும். அதை டெம்ப்ளேட் என்பார்கள். சாஃப்ட்வேருக்குள் அது சரியாக இருந்தால் கீழே தளத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. புது மாடல் வந்தால் புது டெம்ப்ளேட் போட வேண்டும். போடுவது அக்கா.

முதல் நாள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அறுபதுக்குக் குறையாமல் இருந்தன. எல்லாமே காப்பி. ஒன்றை வைத்து ஒன்று, அதை வைத்து இன்னொன்று. முதலாவதைத் தவிர ஒன்றுகூட வெற்றுத் திரையில் பிறந்ததில்லை. நடுநடுவே 'ஆகல 4', 'ஆகல 5' என்று சில இருந்தன. இது என்ன மாடல் என்று கேட்டேன்.

"அது மாடல் இல்லீங்க சார். இன்னும் ஆகலைங்கறதுங்க," என்றார். "காப்பி எடுத்தா பழைய பேரு அப்படியே வந்து நின்னுக்குது. பாக்கறவங்களுக்கு ஆன மாதிரியே தெரியுங்க. யாராச்சும் எடுத்து ஓட்டிப்போட்டாங்கன்னா வம்பு. அதனால மொதல் காரியம், பேர மாத்தி ஆகலைன்னு போட்டுருவேன். ஆனதுக்கப்பறம்தான் நெசப் பேரு."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். காப்பியடிக்கிறதுக்கு ஒரு சீட்டு, அதற்கு ஒரு ரிப்போர்ட் வேறா என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே மனதுக்குள் ரிப்போர்ட்டை எழுதி முடித்துவிட்டேன். நல்ல வேளை, காகிதத்தில் எழுதவில்லை.

இரண்டாவது வாரம் நாலு இஞ்சு பம்பில் ஒரு புது மாடல் வந்தது. பழைய நாலு இஞ்சு டெம்ப்ளேட் திரையில் மேலேயே இருந்தது. நானாக இருந்தால் அதை ஒரு தட்டுத் தட்டிக் காப்பி எடுத்திருப்பேன். அக்கா அதைத் தாண்டிக் கீழே கீழே போய், சம்பந்தமே இல்லாத ஒரு ஆறு இஞ்சு பம்பின் டெம்ப்ளேட்டை எடுத்தார். தப்பான இடத்தில் தட்டிவிட்டார் என்று நினைத்துச் சொன்னேன்.

"இல்லீங்க சார். பேரு ஒண்ணா இருக்குதுன்னு எடுக்கக் கூடாதுங்க. கை ஒண்ணா இருக்குதான்னு பாக்கோணும். புதுசு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாடி. வெல்டிங் டேபிளுக்குப் போயித்தான் வரோணும். அந்தப் பழைய நாலு இஞ்சு வார்ப்பு பாடிங்க. அது வெல்டிங் பக்கமே எட்டிப் பாக்காது. இந்த ஆறு இஞ்சு எந்தெந்தக் கை வழியாப் போவுதோ அதே கை வழியாத்தான் இதுவும் போவும். அளவு மட்டும் மாத்திக்கிட்டாப் போதும்."

பம்புகளை அவர் அளவில் அடுக்கி வைத்திருக்கவில்லை. யார் யார் கைகளில் போகிறது என்ற வரிசையில் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார். இருபது வருடத் தொழிலில் எனக்கு அப்படி ஒரு அடுக்கு தோன்றியதில்லை.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரியிலும் நிற்பார். இது இருக்கலாம், இது மாறணும், இது யாரையாவது கேட்கணும் என்று மூன்றில் ஒன்றை முணுமுணுப்பார். கேட்க வேண்டியது இருந்தால் போன் செய்ய மாட்டார், எழுந்து போவார். எல்லாம் முடிந்த பின் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு தளத்துக்கு இறங்குவார். முதல் படி எந்த மேஜையில் நடக்கிறதோ அந்த மேஜைக்குப் போய், அந்த வரியை அங்கே வேலை செய்கிறவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுவார். பிறகு இரண்டாவது மேஜை. லேத், வைண்டிங், வெல்டிங், டெஸ்டிங், பெயிண்ட் என்று ஒவ்வொன்றாகப் போய், பேக்கிங் வரை நடப்பார். மிஷின் சத்தத்தில் கத்திப் படிப்பார். கேட்கிறவர்கள் தலையாட்டினால் அடுத்த மேஜை. "அது அப்படி இல்லீங்கக்கா" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேனாவால் திருத்துவார். படித்துக் காட்டாத டெம்ப்ளேட்டிலிருந்து 'ஆகல' போகாது.

இன்னொன்றும் பார்த்தேன். ஒவ்வொரு டெம்ப்ளேட்டின் அடியிலும் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும். எல்லாக் கம்பெனியிலும் அது காலியாகவே கிடக்கும். அக்கா அதில் எதிலிருந்து எடுத்தது, எதை மாற்றியது, எதற்காக, யாரைக் கேட்டு என்று எழுதி வைத்திருந்தார். சில குறிப்புகள் நாலு வரி, சில முப்பது வரி. அறுபதையும் உட்கார்ந்து படித்தேன். அந்த மூன்று வருடத்தில் கம்பெனி எங்கெங்கே இடறியது, எப்படி எழுந்தது என்பதெல்லாம் அதில் இருந்தது.

ஆனாலும் எனக்கு உறுத்திய ஒரு விஷயம் இருந்தது. எல்லா டெம்ப்ளேட்டிலும் பத்தொன்பதாவது படி: 'கற்பூரம். பத்து நிமிடம்.' ஒவ்வொரு தொகுதியிலும் முதல் பம்பைப் பெட்டியில் போடுவதற்கு முன் மேஜைமேல் வைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டுவார்கள். அந்த லைனில் வேலை செய்த எல்லாரும் வந்து நிற்பார்கள். கும்பிடுவது பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அதை ஏன் சாஃப்ட்வேருக்குள் ஒரு படியாகப் போட வேண்டும்? எவனோ விளையாட்டாக முதலாவதில் போட்டிருப்பான், காப்பிக்கு மேல் காப்பியாக அறுபதுக்கும் பரவிவிட்டது என்று முடிவு கட்டினேன். காப்பியடிப்பதன் கேடு இதுதான் என்று ரிப்போர்ட்டில் எழுத ஒரு வரி கிடைத்த சந்தோஷம்கூட வந்தது.

அந்தச் சமயத்தில்தான் சோலார் பம்ப் வந்தது. கம்பெனிக்கே புதுசு. இதற்கு டெம்ப்ளேட் நான் போடுகிறேன், வெற்றுத் திரையிலிருந்து எப்படிச் செய்வது என்று காட்டுகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரிங்க சார். ஏதாச்சும் வேணும்னாக் கேளுங்க," என்றார்.

இரண்டு நாள் அந்த வெற்றுத் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு படி வந்தது. எட்டாவது வரவில்லை. மூன்றாவது நாள் காலை அக்கா தளத்துக்கு இறங்கிய நேரம் பார்த்து, சாதாரணக் கரண்ட்டில் ஓடுகிற ஒரு பம்பின் டெம்ப்ளேட்டைக் காப்பி எடுத்தேன். ஆமாம், நான்தான். பெயரை அழகாக மாற்றினேன். தெரிந்ததையெல்லாம் திருத்தினேன். பத்தொன்பதாவது படியைத் தூக்கி எறிந்தேன். சுத்தமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேஜை மேஜையாகப் போய்ப் படித்துக் காட்ட வெட்கமாக இருந்தது, போகவில்லை. 'ஆகல' என்று பெயர் வைக்கவும் தோன்றவில்லை.

முதல் எட்டு பம்புகள் தயாராகி, அந்தியூர்ப் பக்கம் தோட்டங்களுக்குப் போக ஒரு மத்தியானம் லாரி ஏறின. மூன்று மணி டீ நேரம். நாங்கள் கேண்டீன் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். லாரி கேட்டை நோக்கி நகர்வதைப் பார்த்த அக்கா, "சோலார் கெளம்பிருச்சா? கற்பூரம் எப்பக் காட்டுனாங்க? என்னையக் கூப்பிடவே இல்லையே," என்றார்.

பேக்கிங்கில் இருக்கிற பெண் சொன்னார்: "இல்லீங்கக்கா. இந்த மாடலுக்குப் பத்தொம்பதாவது படி வரலீங்க. நேரா பேக்கிங்னு வந்துது. போட்டுட்டோம்."

அக்கா டீ டம்ளரைத் திண்டில் வைத்தார். ஓடவில்லை. ஆனால் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. நேராகப் போய் லாரிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"ஏனுங்ணா, ஒரு பத்து நிமிசம் ஓரமா நிறுத்துங்க. ஒரு பொட்டியத் தொறந்து பாத்துப்போட்டு அனுப்பிர்றோம்."

டிரைவர் முனகிக்கொண்டே நிறுத்தினார். ஒரு பெட்டியை இறக்கி, ஆணி பிடுங்கி, பம்பை மேஜையில் வைத்தார்கள். வைண்டிங்கிலிருந்து, டெஸ்டிங்கிலிருந்து, வெல்டிங்கிலிருந்து என்று லைன் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். தட்டு வந்தது. பேக்கிங் பெண் குங்குமத்தைத் தொட்டு, மோட்டார் விவரம் பொறித்த நேம் பிளேட்டின் மேல் மூலையில் வைக்கக் குனிந்தார். கை அப்படியே நின்றது.

"அக்கா, இது பழைய மாடல் பிளேட்டுங்க. இதுல த்ரீ பேஸ்னு போட்டிருக்குது."

எட்டுப் பெட்டியையும் திறந்தார்கள். எட்டிலும் அதே பிளேட். த்ரீ பேஸ் என்றால் சாதாரணக் கரண்ட்டில் ஓடுகிற மோட்டார். தோட்டத்தில் ஒருவர் அதைப் படித்துவிட்டு நேரே கரண்ட் கம்பத்திலிருந்து இணைப்புக் கொடுத்திருந்தால் மோட்டார் புகைந்திருக்கும், ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பதினேழாவது படியில் பிளேட் நம்பர் என்று ஒரு வரி. எல்லாவற்றையும் மாற்றிய நான் அந்த ஒரு வரியை மாற்றவில்லை. பழைய பம்பின் நம்பர் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

மேனேஜரும் வந்துவிட்டார். யாருடைய டெம்ப்ளேட் என்று மேனேஜர் கேட்பார், நான்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று நின்றேன். அக்கா முந்திக்கொண்டார். "காப்பியில பழசு ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்குதுங்க. பிளேட்ட மாத்திப்போட்டா சரியாப் போயிருமுங்க. அஞ்சு மணிக்குள்ள ஏத்திரலாம்." யாரும் என் பக்கம் திரும்பவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு ஆளைச் சபையில் நிறுத்திக் கேட்பது பிடிக்காது. அன்றைக்கு அந்த மரியாதையைவிட நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

லாரி போன பின் நானே போய்ச் சொன்னேன். வெற்றுத் திரை, மூன்றாவது நாள் காலை, எல்லாவற்றையும். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியுமுங்க சார். காப்பி எடுத்தா எதுல இருந்து எடுத்ததுன்னு அதுலயே வந்துருமுங்களே," என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க பெரியவங்க. பாத்துக்குவீங்கன்னு இருந்துட்டேன். அது என்ர தப்புதானுங்க. கேட்டிருக்கோணும்."

கற்பூரப் படி எதற்கு என்று அப்போதுதான் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. அவரும் இந்த நாற்காலிக்கு வந்த புதிதில் அதை எடுத்துவிடத்தான் நினைத்தாராம். எதற்கு வைத்தார்கள் என்று பேக்கிங்கில் போய்க் கேட்டிருக்கிறார். முன்னொரு தடவை இதேபோல் பிளேட் மாறிப் போய் எங்கோ ஒரு கிணற்றில் மோட்டார் எரிந்து, அதற்குப் பிறகுதான் இந்த நாற்காலியில் முன்பிருந்த பையன் அந்தப் படியைச் சேர்த்தான் என்று தெரிந்ததாம்.

"சரிபார்க்கவும்னு ஒரு படி போட்டா யாருங்க பாக்கறாங்க, டிக் போட்டுட்டுப் போயிருவாங்க. பொட்டு வெக்கற எடம் நேம் பிளேட்டு. வெக்கறவங்க படிக்காம வெக்க முடியாது. சுத்தி நிக்கறவங்களும் அவங்கவங்க செஞ்ச வேலைய ஒருக்காப் பாப்பாங்க. எதுக்குன்னு தெரியாத படிய நான் எடுக்க மாட்டேனுங்க சார். எதுக்குன்னு தெரியாத படிய வெக்கவும் மாட்டேன்."

பிறகு, என் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்தோ என்னவோ, சிரித்துக்கொண்டு சொன்னார்: "அளவு ஜாக்கெட்டுக் குடுத்தா அப்படியே தெச்சுக் குடுக்கறவங்க நெறைய இருக்கறாங்க. 'இதுல எங்க புடிக்குது, எங்க லூசா இருக்குது'ன்னு கேட்டுப்போட்டுக் கத்திரியத் தொடறவங்ககிட்டத்தான் நாங்க மறுக்காப் போவோம்."

அன்றைக்கு ரிப்போர்ட்டை எழுத உட்கார்ந்தேன். மனதுக்குள் எழுதியிருந்த பழையதில் ஒரு வரிகூட உதவவில்லை. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. இந்தத் தொழிலில் நான் பார்த்த ஆட்களில் இவருக்கு இணையாக ஒருவரைச் சொல்ல முடியாது, இந்த நாற்காலி இவருக்கே என்று முடித்தேன். மேனேஜர் படித்துவிட்டு, "நான் நெனச்சதத்தானுங்க நீங்களும் எழுதியிருக்கறீங்க," என்றார். முதலாளியும் சரி என்றுவிட்டார்.

ஆனால் சாஃப்ட்வேர் சரி என்று சொல்லவில்லை.

பெர்சனல் ஆபீசர், அதாவது ஆள் எடுப்பதைப் பார்க்கிறவர், மறுநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஆபீஸ் நாற்காலிக்கு ஆளை நிரந்தரம் செய்கிற டெம்ப்ளேட். 'கல்வித் தகுதி: மின்னியல் டிப்ளமோ' என்று ஒரு வரி, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். "டிப்ளமோ நம்பர் கேக்குதுங்க சார். போடலைன்னா சேவ் ஆவாதுங்க. கம்பெனி ரூல்ஸ் இருக்கறப்ப நாம என்ன பண்றதுங்க?" மேனேஜரும் அதையே சொன்னார். ரூல்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு பேர் குரலும் இறங்கிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. நேராக அக்காவிடம் போனேன். "அஞ்சு நிமிஷ வேலைங்க. நானே உள்ள போயி அந்த வரிய எடுத்துடறேன்," என்றேன்.

அக்கா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். மாதம் முடிய நான்கு நாள்தான் இருந்தது. வைண்டிங்குக்குப் போனால் என்ன ஆகும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும்.

"எடுத்துப்போடாதீங்க சார். எதுக்கு வெச்சாங்கன்னு மொதல்ல கேளுங்க. காரணத்தோட வெச்சிருந்தாங்கன்னா நான் போயிக்கறேன்."

தன் நாற்காலியே போகிற நேரத்தில் ஒரு மனுஷி இப்படிச் சொல்ல முடியுமா என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அவர் சொன்னதற்காகக் கேட்கப் போனேன். பெர்சனல் ஆபீசர், தான் வருவதற்கு முன்பே அந்த வரி இருந்தது என்றார். மேனேஜர், முதலாளி வைத்திருப்பார் என்றார். முதலாளி, "நானே பத்தாவது தாண்டலீங்களே, நானெங்க டிப்ளமோ கேக்கறது? கம்ப்யூட்டர் கேக்குதுன்னாங்க, சரின்னு உட்டுட்டேன்," என்றார். ஆறு வருடமாக ஒருவர் கேட்டதாக மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்க வேறு ஆள் இல்லாமல், அந்த டெம்ப்ளேட்டின் வரலாற்றைத் திறந்தேன். உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

எதிலிருந்து எடுத்தது என்பதும் அதிலேயே இருந்தது. அதற்கு முந்தைய மாதம் வேறொரு கம்பெனிக்குச் செய்து கொடுத்தது. மின்சாரப் பேனல் போர்டு செய்கிறவர்கள். அவர்களுக்கு டிப்ளமோ இல்லாத ஆள் போர்டைத் தொடக் கூடாது. அங்கே அந்த வரிக்கு அர்த்தம் இருந்தது. அவசரத்தில் அதை அப்படியே காப்பி எடுத்து, கம்பெனி பெயரை மாற்றி, லோகோவை மாற்றி, இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். குறிப்புக் கட்டம் காலி. வெற்றுத் திரையிலிருந்துதான் ஆரம்பிப்பேன் என்று அந்த ஆறு வருடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அக்காவிடம் போய் நின்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே, "அட உடுங்க சார், ஒட்டிக்கிட்டு வர்றதுதானுங்களே," என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"ஆறு வருசமுங்களா?" என்றார். அப்புறம் சொன்னார்: "எனக்கு முன்னால வைண்டிங்ல இருந்து ரெண்டு பேரு ஆபீஸ் சீட்டுக்குக் கேட்டாங்க சார். ரெண்டு பேருமே என்னையவிடக் கெட்டிக்காரிங்க. டிப்ளமோ இல்லைன்னு திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. ஒருத்தி வேலைய உட்டே நின்னுட்டா. இன்னொருத்தி இன்னும் அங்கதான் கம்பி இழுத்துட்டு இருக்கறா."



அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பெர்சனல் ஆபீசரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு, என்னுடைய டெம்ப்ளேட்டைக் காப்பி எடுத்தார். முதல் காரியமாகப் பெயரை மாற்றி 'ஆகல' என்று போட்டார். வரி வரியாக வந்தார். வயதுச் சான்று இருக்கலாம். மருத்துவப் பரிசோதனை இருக்கலாம். டிப்ளமோ வரிக்கு வந்ததும் மவுஸை என்னிடம் தள்ளினார். எடுத்தேன். குறிப்புக் கட்டத்தைத் திறந்து, "எடுத்தவங்கதான் எழுதோணும்," என்றார். எழுதினேன்: 'வேறு கம்பெனியின் தேவை. இங்கே காரணம் இல்லை. பார்க்காமல் கொண்டுவந்தது நான். மேனேஜரையும் முதலாளியையும் கேட்டு எடுத்தது.' அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

பிறகு பிரிண்ட் எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வாங்க சார். படிச்சுக் காட்டோணுமுங்களே."

முதல் படி, விண்ணப்பம், எந்த மேஜையிலிருந்து வரும்? வைண்டிங்கிலிருந்துதான். என்னை அழைத்துக்கொண்டு தளத்துக்கு இறங்கினார். ஜன்னல் ஓரத்தில் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், மடியில் ஸ்டேட்டர் என்கிற மோட்டார் இரும்புக் கூட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அதன் ஓட்டைகளுக்குள் கம்பியைச் செலுத்தி இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது, சுற்றை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாஞ் சொன்ன இன்னொருத்தி இவதானுங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு, "கண்ணு, சார் ஒண்ணு படிக்கறாரு, கேளு," என்றார் அக்கா.

மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் படித்தேன். ஆபீஸ் நாற்காலிக்கு யார் யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன வேண்டும் என்று முழுக்கப் படித்தேன். டிப்ளமோ இருந்த இடத்தைத் தாண்டும்போது இன்னும் சத்தமாகப் படித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. கையும் நிற்கவில்லை. கேட்டாரா, கேட்கவில்லையா என்று தெரியாமல் அக்காவைப் பார்த்தேன். இருங்க என்று கையைக் காட்டினார். எண்ணிக்கை விட்டுப்போனால் முழுசையும் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும்.

கடைசிச் சுற்று முடிந்தது. கம்பியை முடிச்சுப் போட்டு வெட்டினார். ஸ்டேட்டரை மேஜைமேல் நிறுத்தினார். பெருவிரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னொருக்காப் படிங்க சார்," என்றார்.